வீட்டைப் பார்ப்பவர் யார்?

வீட்டைப் பார்ப்பது புருஷன். பேசி முடிப்பது தரகர். பகலெல்லாம் அதற்குள் இருப்பது மட்டும் நாம்! நம் குடும்பங்களில் வாடகை வீடு பிடிக்கிற காரியம் பெரும்பாலும் இப்படித்தானே நடக்கிறது? ஐயா வேலையிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு வீட்டுக்குள் தலையை நீட்டுகிறார். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. பஸ் நிற்கிற இடம் பக்கம். "முடிச்சாச்சு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிவிடலாம்" என்று வந்து சொல்கிறார். அடுப்படியில் ஜன்னல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "இல்லாமலா இருக்கும்?" என்பார்!

போன மாதம் என் சித்தி மகளுக்கு வீடு தேடி மடத்துக்குளத்தில் இரண்டு நாள் அலைந்தேன். அவள் கணவருக்கு அங்கே ஒரு நூற்பாலையில் கணக்கு வேலை. உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே, கோவை - திண்டுக்கல் நெடுஞ்சாலையில், அமராவதி ஆற்றை ஒட்டின பேரூர் அது. 2009-ல் திருப்பூர் ஜில்லா பிரிந்தபோது அதில் சேர்ந்தது. ஜில்லா திருப்பூரே தவிர, பனியன் கம்பெனிகளின் நெரிசல் இங்கே இல்லை. சுற்றிலும் நெல், கரும்பு, தென்னை. தரகர் என்று யாரும் போர்டு போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாங்கள் விசாரித்தது மளிகைக் கடையில். எந்த வீடு காலி, ஏன் காலி என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துபடி. அந்த "ஏன்" இருக்கிறதே, அதற்காகவே அவரிடம் கால் கிலோ பருப்பு வாங்கலாம்.

முதலில் பார்த்தது புது மாடி வீடு. தரையில் முகம் பார்க்கலாம். சித்தி மகள் மயங்கிவிட்டாள். நான் பக்கத்துப் போர்ஷன் பெண்ணிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "அடுப்படி ஜன்னல் மேக்கே பாத்திருக்குதுங்க அக்கா. ஆனி, ஆடியில தொறந்தா அடுப்பு நிக்காது. மூடினா நாம நிக்க முடியாது" என்றாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று அது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றை நம்பித்தான். காற்றாலைக்கு நல்லது, சோற்றுப் பானைக்கு ஆகவில்லை. நாங்கள் போனதோ இலை அசையாத நாளில். வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது, அதில் ஒரு வருஷம் குடியிருந்தவளின் வாயில் இருக்கிறது.

அடுத்தது ஒரு லைன் வீடு. வரிசையாக ஆறு குடித்தனம், குளியலறையும் கழிப்பிடமும் பொது. வாடகை மலிவுதான். ஆனால் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. வீட்டுக்கு வீடு ஒரு குட்டி மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது 2016-ல். அது இணைப்புக்குக் கிடைப்பதே தவிரக் குடும்பத்துக்கு அல்ல. அதோடு, ஆறு வீட்டு யூனிட்டும் ஒரே கணக்கில் ஏறினால் கட்டண விகிதமும் மேல்படிக்குத் தாவும். ஆக, வாடகையில் மிச்சம் பிடித்தது மின் கட்டணத்தில் போய்விடும். தண்ணீரையும் அப்படியே துருவிக் கேட்க வேண்டும். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த வேளையில்? மோட்டார் யார் கையில்? குழாயடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வீட்டில் நாம் அவர்களைக் கேட்பதற்குள் அவர்கள் நம்மைக் கேட்டார்கள். எத்தனை பேர், விருந்தாளி நிறைய வருவார்களா, கவிச்சி சமைப்பீர்களா. அதுவரை சரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க என்ன ஆளுங்க?" ஜாதியைக் கேட்பதற்கு அந்தப் பக்கத்துச் சொல் அது. சித்தி மகள் எழுந்துவிட்டாள். மூன்று தெருவில் வெயிலில் நடந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் எழுந்துவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

இனி பணத்துக்கு வருவோம். முன்பணம் என்பது பெரும்பாலும் நம் நகைச் சீட்டு, நம் சிறுவாட்டுக் காசு. அதைப்பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1960-ம் வருஷத்துப் பழைய வாடகைச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. சென்னையோ பத்து மாதம் வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்தது! 2017-ல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஒரு சின்ன வாசகமும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு சட்டத்தை இழுத்துப் பயனில்லை. பேரம் அதற்கு முன்னே நடக்க வேண்டும். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள், நாம் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்ப வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. வாடகைக்கு ரசீது கேட்பது நம் உரிமை.

ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிய வேண்டும் என்பது 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதற்குப் பயந்து பிறந்ததுதான் இந்தப் பதினொரு மாத வழக்கம். புதுச் சட்டத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

நான்காவதாகக் கிடைத்தது ஓட்டு வீடு. அடுப்படி கிழக்கே பார்த்து, காலை வெயில் அம்மி வரை வந்தது. வாடகை 6,000 ரூபாய், முன்பணம் 50,000. வீட்டுக்கார அம்மாள் அறுபது வயதிருக்கும், நல்ல மாதிரி. எழுத்து என்றதும் முகம் சுண்டிவிட்டது.

"எழுத்தெல்லாம் எதுக்கு அம்மிணி? நாங்க பணத்தைத் தூக்கிட்டு ஓடிப்போயிருவமா?"

"நீங்க ஓட மாட்டீங்கம்மா. நாளைக்கு உங்க மகன் வந்து, எவ்வளவு குடுத்தீங்கன்னு எங்களைக் கேட்டா, நாங்க என்னத்தைக் காட்டறதுங்க?"

அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். மகன் பெயரை எடுத்தது வேலை செய்தது. முன்பணம் 18,000-க்கு இறங்கிற்று, ஒப்பந்தமும் எழுதியாயிற்று. வெள்ளையடிப்பது, குழாய்ப் பதிப்பு, உள் ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு குடித்தனக்காரர் பொறுப்பு. சட்டத்தின் அட்டவணையே அப்படித்தான் பிரித்திருக்கிறது. உடைந்திருந்த இரண்டு ஓடுகளையும் ஒரு ஜன்னல் கண்ணாடியையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டோம். பிற்பாடு அவை நம் தலையில் விழக் கூடாதல்லவா?

கொல்லையில் இருந்த முருங்கை மரம் யாருக்கு என்று மட்டும் எழுதவில்லை. காய் இரண்டு வீட்டுக்கும் பொது, கம்பளிப்பூச்சி குடித்தனக்காரருக்கு என்று அம்மாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.