ரிப்போர்ட்டில் விரிசல்... அந்த ஃபிளாட்டை வாங்கலாமா?

பெசன்ட் நகரில் 25 வருடப் பழைய ஃபிளாட். பிடித்துப்போகிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்ஜினீயரை அழைத்துக் காட்டினால், விரிசல், ஓதம், கம்பித் துரு என ரிப்போர்ட் நீள்கிறது. 'வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள் வீட்டில்.

பூச்சில் தலைமுடி போல ஓடும் விரிசலுக்காக யாரும் வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் மறுபக்கமும் தெரியும் விரிசல் வேறு ரகம், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம்.

கம்பித் துருதான் நிஜமான கவலை. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. கடற்கரை உப்புக்காற்றில் இது இன்னும் வேகம். மேலே பூசி மறைத்தாலும் உள்ளே துரு வளரும். (பழைய வீட்டில் புது பெயின்ட் வாசனை அடித்தால், சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது நல்லது!)

ஆனால், ஃபிளாட்டில் தூண் எல்லோருக்கும் பொது. வாங்குபவர் மட்டும் பணம் போட்டுச் சரிசெய்துவிட முடியாது. பாத்ரூம் ஓதத்துக்கும் மாடி வீட்டுக்காரர் மனசு வைக்க வேண்டும். அதனால், ரிப்பேர் செலவை இன்ஜினீயரிடம் கேட்பதோடு, அசோசியேஷன் மீட்டிங் மினிட்ஸையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தூண் ரிப்பேர் பேச்சு அதில் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், விலையைக் குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.