கொதித்தும் மாளா நஞ்சு

பழங்கறியாயினும் நன்றாகக் கொதிக்க வைத்தால் தீங்கில்லை என்பது நம்மவர் பலரது நம்பிக்கை. அது பாதியளவே மெய்யாகும்.

ஸ்டபிலோகொக்கசு ஓரியசு என்னும் பற்றீரியா மாந்தரின் மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் வாழ்வது. சமைப்போர் கைவழியே உணவிற் புகுந்து, வெக்கையிற் பெருகி, நஞ்சு சுரக்கும். கொதிநிலையிற் பற்றீரியா மடியும். நஞ்சோ எளிதில் மடியாது. உண்டவர் சில மணித்தியாலங்களுள் வாந்தியெடுத்து வருந்துவர்.

2000ஆம் ஆண்டில் யப்பானில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ஹொக்கைடோத் தீவின் பாற்றொழிற்சாலையொன்றில் மின்சாரம் தடைப்பட்டபோது பாலில் நஞ்சு விளைந்தது. பின்னர்ச் சூடேற்றியமையாற் கிருமிகள் மாண்டன. நஞ்சு பால்மாவிலே தங்கிற்று. அம்மா கலந்த பாலை அருந்திய 13,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இத்தகைய உணவில் உயிருள்ள கிருமியைத் தேடுவோர் ஏமாறுவர். நஞ்சையே தேடுதல் வேண்டும்.

அத்தேட்டத்திற்குரிய கருவி பிறபொருளெதிரி. நஞ்சை எதிர்க்கும் பொருளை உடல் தன் குருதியில் ஆக்குகின்றதென 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் காட்டினர். ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு ஆக்கும் வழியை 1975இற் கோலரும் மில்ஸ்டீனும் கண்டனர். உணவுச் சாற்றில் நஞ்சிருப்பின் அதற்குரிய எதிரி அதனைப் பற்றிக்கொள்ளும். எதிரியோடு பிணைத்த நொதியம் நிறமாற்றத்தால் அதனை நமக்கு உணர்த்தும்.

இங்கும் ஓர் இடருண்டு. இப்பற்றீரியாவின் மேலுள்ள 'ஏ' என்னும் புரதம், முயல் முதலியவற்றின் பிறபொருளெதிரியை நஞ்சில்லாதபோதும் பற்றிக்கொள்ளும், சோதனை பொய்யுரைக்கும். கோழிமுட்டையின் மஞ்சட்கருவிற் பெறும் எதிரியை அப்புரதம் பற்றுவதில்லை. அதனாலேயே ஆய்வாளர் கோழியை நாடினர். மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வுகூடத்தாரும் இத்துறையில் உழைத்துள்ளனர்.

இதனால் இலுப்பைக்கடவைக்கு யாது பயன் எனலாம். மன்னார்–பூநகரி வீதியிலுள்ள இக்கடலோர ஊரில் வெயிலும் மீனும் குறைவில. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோயிற் பந்திக்கும் ஒரே பானையிற் சமைத்துப் பலருக்குப் பரிமாறுதலும் உண்டு. ஐயுற்ற உணவைத் தொலைநகருக்கு அனுப்பி விடைக்குக் காத்திருப்பின், விடை வருமுன் அடுத்த பந்தியும் முடிந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையிலேயே விரைந்து நஞ்சறியும் கருவி இருத்தல் வேண்டும். நகரத்தாருக்கு வசதியாவது நாட்டுப்புறத்தாருக்கு உயிர்க்காப்பு.

ஆயினும், கருவி தனக்குரிய நஞ்சை மாத்திரமே அறியும். ஏனைய நஞ்சுகளைப் பற்றி வாய் திறவாது. ஆகவே கைகழுவுதலும், புண்ணுற்ற கையாற் சமையாமையும், சமைத்ததை விரைந்து உண்ணுதலும் அல்லது குளிரூட்டி வைத்தலும் முதற்காப்பு. கடவை என்பது வழி. நஞ்சு புகும் வழியை அடைப்பது நம் கை. அதனையும் மீறிப் புகுந்ததைக் காட்டுவது விஞ்ஞானம்.