மின்சார ஸ்கூட்டர்: பற்றரிக்கும் கணக்கு எழுதுங்கள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாக ஏறியதையும், அந்த விலைக்கும் கிடைக்காமல் இரவு பகலாக வரிசையில் நின்றதையும் நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. ஆகஸ்டில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அக்குறணையிலிருந்து கண்டிக்குக் கடைக்குப் போய் வர எனக்கு 20 கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டையில் பாக்கி வசூல், வங்கி வேலை என்று சுற்றினால் 25. ஆறு நாளும் ஓடினால் அந்த 4 லீற்றர் சரியாகத் தீர்ந்துவிடும். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் எடுத்து ஓட ஒரு சொட்டும் மிஞ்சாது.

அந்தப் பயத்தில்தான் 2023இல் உள்ளூரில் பொருத்திய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். விலை குறைவு என்பதை மட்டுமே பார்த்தேன். முப்பது வருடமாகச் சரக்கு வாங்கி விற்கும் நான், சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்தது 60 வோல்ட், 20 அம்பியர் மணி ஈய அமில பற்றரி. ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். நமது ஏற்ற இறக்கத்தில், பின்னால் ஒரு சரக்கு மூட்டையும் இருந்தால், 35தான் ஓடியது. ஒன்றரை வருடத்தில் அது 15 ஆகக் குறைந்தது. ஒரு நாள் கடையை மூடி வரும் வழியில் வண்டி நின்றுவிட்டது. அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்தேன். விற்ற இடத்துக்குப் போனால், அந்த மாதிரியை இப்போது எடுப்பதில்லை என்று கையை விரித்தார்கள். வெளியில் ஐந்து பற்றரிக்கு 75,000 ரூபா கொடுத்தேன்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மாதம் 25 நாள், 625 கிலோமீற்றர். பெற்றோல் ஸ்கூட்டர் லீற்றருக்கு 40 ஓடினால் ஏறத்தாழ 16 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 4,800 ரூபா. மின்சாரத்தில் 100 கிலோமீற்றருக்கு 4 அலகு வீதம் 25 அலகு. அலகு 50 ரூபா என்றால் 1,250. மிச்சம் 3,550 ரூபா. விற்பவர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார். ஆனால் 75,000 ரூபாவைப் பதினெட்டு மாதத்தால் பிரித்தால் மாதம் 4,166 ரூபா. ஒயில், பெல்ட் செலவு இல்லை என்பதைச் சேர்த்தாலும் எனக்கு இலாபம் என்று சொல்ல அதிகம் இல்லை.

அப்படியானால் வாங்க வேண்டாமா? வாங்கலாம், பற்றரியைப் பார்த்து வாங்குங்கள். ஈய அமில பற்றரி 300 முதல் 500 தடவை சார்ஜ் தாங்கும். லிதியம் அயன் பொஸ்பேட் பற்றரி 1,500 தடவைக்கு மேல் தாங்கும். விலை இரண்டு மடங்கென்றாலும் ஆயுள் மூன்று மடங்கு. இது மொத்த வியாபாரிக்குப் புரியாத கணக்கல்ல. உங்கள் அன்றாட ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் சொல்லும் வண்டியை எடுங்கள். வண்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவானதா, பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், அது எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். வீட்டு மின்சாரப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறுவதால், கூடும் 25 அலகு உங்களை மேல் படிக்குத் தள்ளலாம்.

ஓட்டுவதிலும் கவனம் வேண்டும். பற்றரியை முற்றாக இறங்க விடாதீர்கள். வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். பிங்கா ஓயா பெருகி பஸாருக்குள் தண்ணீர் வரும் நாளில் வண்டியை மேட்டிலேயே விட்டுவிடுங்கள். அநேக ஸ்கூட்டர்களில் மோட்டார் பின் சில்லுக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக, இந்த வண்டிகளை விற்கும் நமது வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. கொள்கலனோடு வண்டியை இறக்கி விற்பது இலகு. மூன்று வருடம் கழித்து வருபவருக்குக் கொடுக்க ஒரு பற்றரியை இறாக்கையில் வைத்திருப்பதுதான் வியாபாரம். வரிசையில் நின்று களைத்த மனிதன் நம்பி வாங்குகிறான். ஓடாத தூரத்தை ஓடும் என்று சொல்லி அவனுக்கு விற்பது, நிறையில் குறைத்து விற்பதற்குச் சமம்.

நான் இன்றும் அதே ஸ்கூட்டரில்தான் கடைக்குப் போகிறேன். அடுத்த பற்றரிக்கென்று மாதம் 3,000 ரூபாவைத் தனியாக எடுத்து வைக்கிறேன். இம்முறை லிதியம்தான்.