ஏரியும் ஆலையும் ஒரே வரைபடத்தில்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்கள் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய், ஒரகடம் என்றால் ரெனோ நிசான். அதே மண் ஏரிப் பாசனம் பார்க்கும் பொறியாளருக்கு மதகும், உபரி நீர் வழியும் கலங்கலும். கிராம நிர்வாக அலுவலருக்கு சர்வே எண்கள். இந்த மூன்று பார்வைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க உதவுவதே ஜி.ஐ.எஸ். எனும் புவித் தகவல் முறைமை. அதை அறிமுகப்படுத்தும் தொடர் இந்த இதழில் தொடங்குகிறது.

இதில் சேரும் எந்தத் தகவலுக்கும் இரண்டு பாதி உண்டு: எங்கே இருக்கிறது, அது என்ன. மதகு ஒரு புள்ளி, வாய்க்கால் ஒரு கோடு, ஏரி ஒரு பரப்பு. அவற்றின் இடம் அட்சரேகை, தீர்க்கரேகையாகப் பதிவாகும். கொள்ளளவும், ஆயக்கட்டு எனும் பாசன நிலப்பரப்பும் அட்டவணையில் ஏறும். செயற்கைக்கோள் படம் வேறு வகை. அது சிறு சிறு கட்டங்கள்; கட்டத்துக்கு ஒரு மதிப்பு.

அடுக்கிப் பார்ப்பதன் அருமை மழைக்காலத்தில்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 வெள்ளத்தில் அந்த ஆற்றையொட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியுமா? தொழிற்பேட்டையின் மனைப் படத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த நீரோட்டம் படாது. மனைகளுக்கு அடியில் பழைய வாய்க்கால்களையும், அவற்றுக்கும் அடியில் நிலத்தின் மேடுபள்ளத்தையும் வைத்தால், எந்தச் சாலையின் குறுக்கே பாலம் வேண்டும் என்பது படத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் அடுக்குகள் பொருந்த வேண்டும்; பழைய வரைபடங்களில் சிக்கல் அங்கேதான். 1802 ஏப்ரல் 10 அன்று, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அந்த அளவீட்டு மரபில் வந்த பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தன, இன்றைய ஜி.பி.எஸ். வைத்திருப்பது வேறு கணக்கு. மாற்றாமல் ஒட்டினால் ஏரிக்கரை பக்கத்து வயலுக்குள் போய் நிற்கும். சர்வே எண்ணின் எல்லையைக் காட்டும் நம் புலப்படங்களிலோ அட்சரேகையே இருக்காது. எல்லைக் கற்களைத் தேடிப்பிடித்து, அளந்துதான் அவற்றை இடத்தில் பொருத்த வேண்டும்.

உங்கள் நிலத்தின் புலப்படத்தை அரசின் இணையச் சேவையில் இறக்கிக்கொள்ளலாம். அதை அருகில் வைத்துக்கொண்டு தொடரின் முதல் பகுதியைப் படியுங்கள். உங்கள் ஊர் ஏரி எந்த வழியாக வழியும், அந்த வாய்க்காலுக்கு என்ன பெயர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அந்தப் பெயர்களையும் வரைபடத்தில் ஏற்றுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்