42 நாள் சோதனை, 25 வருச வாக்கு

மெல்லிய படலச் சோலார் பத்திப் பட்டணத்துத் தம்பிங்க அனுப்புற சேதி எல்லாத்துலயும் ஒரு சதவீதக் கணக்கு இருக்கு. பெரோவ்ஸ்கைட்னு ஒரு பொருள், 2009-ல ஜப்பான்ல 3.8 சதவீதத்துல ஆரம்பிச்சது, இப்ப 25-ஐத் தாண்டிடுச்சாம். சந்தோசம். எத்தனை வருசம் உழைக்கும்? அதுக்குச் சேதியில பதிலைக் காணோம்.

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசான படலம் அது. ஈரம் ஓரமாப் புகுந்தாலே கெட்டுது. சூடும் வெளிச்சமும் சேர்ந்தா இன்னும் வேகமாக் கெட்டுது.

தரச்சோதனை இருக்கேன்னு சொல்வீங்க. 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். கணக்குப் போட்டா 42 நாள். அதுவும் இருட்டுப் பெட்டிக்குள்ள! வெயில்ல வைக்கிற சோதனை தனி; அதுக்குக் கேட்கிற வெயில் நம்ம ஊர்ல ரெண்டே வாரத்துல கிடைச்சிடும். சீக்கிரம் சாகுற தகடு இதுல மாட்டிக்கும், அவ்வளவுதான். 25 வருசம் நிக்குமான்னு சொல்றதுக்கு வச்ச சோதனையே இல்ல அது.

ஒரு நெல் ரகத்தை வெளியிடணும்னா பல ஊர்ல, பல பருவம், கடைசியில விவசாயி வயல்லயே நட்டுப் பார்க்குறாங்க. தகட்டுக்கு மட்டும் ஏன் அவசரம்? ஐஐடி மும்பையும் தேசிய சூரிய சக்தி நிறுவனமும் நாடு முழுக்கத் தகடுகளை அளந்தப்ப, சூடான பகுதியில அதிகமாத் தேயுதுன்னு தெரிஞ்சது. நம்ம பகுதி எதுன்னு நான் சொல்லணுமா?

படலம் எல்லாமே மோசம்னு சொல்லல. காட்மியம் டெல்லூரைடு தகடு பல வருசம் வெளியில நின்னுதான் பேர் வாங்குச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துல 2024-ல அதுக்குத் தொழிற்சாலையே வந்தாச்சு.

உத்தரவாதத் தாள் இருக்கும்பாங்க, 25 வருசம் கழிச்சும் 80 சதவீதம்னு. பம்புல தண்ணி குறைஞ்சா கிணறு இறங்குச்சா, மோட்டார் தேஞ்சுதா, தகடு தேஞ்சுதா? நிரூபிக்கணும்னா தகட்டைக் கழட்டி லேபுக்குத் தூக்கிட்டுப் போகணும். கடனோட நிக்கிற சம்சாரி எவன் போவான்? மொட்டை மாடியில மாட்டியிருக்கிற நீங்க போவீங்களா?

புதுப் படலம் செய்யறவங்க தூத்துக்குடி உப்புக்காத்துல ஒண்ணு, கோவில்பட்டிக் கரிசல் வெயில்ல ஒண்ணு, வால்பாறை மழையில ஒண்ணு, பத்து வருசம் நிறுத்தட்டும். வருசா வருசம் எவ்வளவு குறைஞ்சதுன்னு தமிழ்ல வெளியிடட்டும். அந்தக் கணக்கைக் காட்டாத தகட்டுக்கு மானியம் கிடையாதுன்னு அரசாங்கம் விதி போடட்டும்.