கட்டளையோடு சேர்த்தே பாஸ்வேர்டையும் அடிக்கிறீர்களா? கூடங்குளம் வைரஸுக்குள் இருந்த அந்த ஒரு வரி!

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் என்று தகவல் பரவியது நினைவிருக்கிறதா? 29-ம் தேதி நிலைய நிர்வாகம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்தது, அணுஉலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றது.

அப்போது ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த 'டிட்ராக்' வைரஸ் மாதிரிக்குள் ஒரு கட்டளை வரி கிடைத்தது. வேறொரு கணினியின் டிரைவைத் திறக்கும் கட்டளை அது. கூடங்குளம் நிர்வாகி கணக்கின் பெயரும், பக்கத்திலேயே அதன் பாஸ்வேர்டும் அப்பட்டமாக இருந்தன. எழுதியது திருடன்தான். ஆனால் இப்படி ஒரே வரியில் பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

அன்னவாசலில் என்ன ஆகும்?

அன்னவாசலில் ஒரு கணக்கு எழுதும் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின், மூணு பேர் மாறி மாறி உட்காருவாங்க. வியாபாரிகளின் ஜிஎஸ்டி, பான், வங்கி விவரங்களை ஜிப் பைலாகப் பூட்டி புதுக்கோட்டை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பையன் சின்னதாக ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கிறான். பாஸ்வேர்டும் அதற்குள்ளேயே!

பூட்டு உடையாது. ஆனால் சாவி பல இடத்தில் கிடக்கும். ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்தாலே தெரியும். கட்டளை ஓடும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் 'கமாண்ட் லைன்' என்ற பகுதியைச் சேர்த்தால் அங்கேயும் தெரியலாம். லினக்ஸில் இன்னும் மோசம், வழக்கமான அமைப்பில் வேறு லாகினில் இருப்பவரும் 'பிஎஸ்' என்று அடித்துப் பார்த்துவிடலாம். கையால் டைப் செய்தால்? லினக்ஸ் டெர்மினலும் விண்டோஸ் பவர்ஷெல்லும் அடித்த வரிகளை ஹிஸ்டரி பைலில் எழுதி வைக்கும். இந்த வசதி பாதுகாப்பற்றது என்று லினக்ஸ் 'ஜிப்' கருவியின் கையேடே பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. யார் படிக்கிறாங்க!

அப்போ எப்படிக் கொடுப்பது?

கருவியையே கேட்க வைக்க வேண்டும். செவன்-ஜிப்பில் 'மைனஸ் பி' என்று மட்டும் போட்டு நிறுத்தினால், அதுவே பாஸ்வேர்டைக் கேட்கும். அப்படி அடிப்பது ஹிஸ்டரியில் ஏறாது. ஓபன்எஸ்எஸ்எல், ஜிபிஜி இரண்டும் தனி பைலிலிருந்தும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும். அந்த பைலை உங்கள் லாகின் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்க வேண்டும். 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்ற வழியையும் பலர் சொல்வார்கள். கட்டளை வரிக்கு அது பரவாயில்லை, ஆனால் அதே லாகினில் ஓடும் மற்ற புரோகிராம்களும் அதைப் படிக்க வாய்ப்புண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். மூணு பேருக்கு ஒரே லாகின் என்றால், தனி பைலும் வேரியபிளும் வீண்தான். அந்த அலுவலகத்துக்கு, கேட்கும்போது டைப் செய்வதே சரி.

ஆள் இல்லாத நேரத்தில், ராத்திரி தானாக ஓட வேண்டும் என்றால்? ஜிபிஜியில் பொதுச் சாவி முறை இருக்கிறது. ஆடிட்டர் தன் பொதுச் சாவியை அன்னவாசலுக்கு அனுப்பி வைப்பார். அதை யார் பார்த்தாலும் கவலையில்லை, அதனால் பூட்டத்தான் முடியும். திறக்கும் சாவி புதுக்கோட்டையிலேயே இருக்கும். அன்னவாசல் கம்ப்யூட்டரில் திருட ஒரு பாஸ்வேர்டே இருக்காது. என்னைக் கேட்டால், தினமும் பைல் அனுப்பும் எந்த அலுவலகத்துக்கும் இதுதான் நல்லது. முதல் நாள் அமைப்பதற்கு மட்டும் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தப் பொதுச் சாவி உண்மையிலேயே ஆடிட்டருடையதுதானா என்று போனில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

ஏற்கெனவே ஸ்கிரிப்டில் எழுதிவிட்டீர்களா? ஸ்கிரிப்டையும் ஹிஸ்டரியையும் அழித்துவிட்டு, இனி அனுப்பும் பைல்களுக்குப் புது பாஸ்வேர்ட் வையுங்கள். பழைய பைல்கள் பழைய பாஸ்வேர்டிலேயேதான் திறக்கும் என்பதால், மெயிலிலும் பென் டிரைவிலும் கிடக்கும் பிரதிகளையும் தேடி அழிக்க வேண்டியிருக்கும்.