கேட்காமலே வரும் வேகம்

கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் கம்பைலர் என்று ஒன்றைச் சொல்வார்கள். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது அது. மாற்றும்போதே, நிரல் வேகமாக ஓடுவதற்குச் சில சுருக்குவழிகளையும் கையாளும். புதிய சுருக்குவழி ஒன்றை, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சேர்த்துவிடலாமா? நன்றாகச் சோதித்த பிறகுதான் என்பது என் கட்சி.

1999 ஜூலையில் ஜிசிசி என்ற இலவச கம்பைலரின் 2.95 பதிப்பு வந்தது. வழக்கமான வேக அமைப்பிலேயே ஒரு சுருக்குவழி தானாக இயங்கும்படி வைத்திருந்தார்கள். அதை என் குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். சம்பளக் கணக்கும் பென்ஷன் கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது என்று விதி. அதை நம்பிய குமாஸ்தா, பென்ஷன் கணக்கில் திருத்தம் விழுந்தாலும் சம்பளப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்ப்பதில்லை. மனத்தில் உள்ள தொகையையே எழுதிவிடுகிறார். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் யாரோ இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தால்? தொகை தப்பும். தப்பியதும் தெரியாது.

சி மொழியின் 1989-ஆம் ஆண்டு விதிப்படி கம்பைலர் செய்தது சரிதான். ஆனால் அந்த விதியைக் கவனிக்காமல் எழுதப்பட்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் நிறைய இருந்தன. அதே அக்டோபரில் வந்த 2.95.2 பதிப்பில், கேட்டால் மட்டும் அந்தச் சுருக்குவழி என்று மாற்றினார்கள். லினக்ஸ் கர்னலை இன்றும் அது வேண்டாம் என்று குறிப்பிட்டுத்தான் தயாரிக்கிறார்கள்.

விதியை மீறியவர் அனுபவிக்கட்டுமே என்பீர்கள். அனுபவிப்பது அவர் இல்லையே! நிரலை எழுதியவர் ஒருவர், கம்பைலரில் போடுபவர் வேறொருவர், அதை நம்பிக் கணக்குப் பார்ப்பவர் மூன்றாமவர். நான் படித்த பிரெஞ்சில், கேட்காமலே அமைவதை 'பார் தெஃபோ' என்பார்கள். 'தெஃபோ' என்றால் குறை என்றும் பொருள். பொருத்தமான சொல்.

ஆகவே புதியதை முதலில் விரும்புகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். நாலு பேர் தினமும் பயன்படுத்தும் பழைய நிரல்களில் ஓட்டிப் பாருங்கள். விடை மாறுகிறதா, வேகம் உண்மையிலேயே கூடுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். நிறுத்தி வைக்க ஒரு வழியும் இருக்கட்டும். அதன் பிறகு எல்லோருக்கும் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டில் இந்தத் துறைப் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.